ஓரின் எழுந்தால் அலை போய்விடும்

டாமராக் ஏரியில் ஓரின் ஹாக்ஸ்ருட் என்று சொன்னால் யாருக்கும் முதலில் நினைவுக்கு வருவது அவனுடைய உடம்புதான். ஆள் அப்படி. மடக்கு நாற்காலி எதையும் நம்பமாட்டான். சர்ச் விருந்துக்குப் போனால் தனக்கென்று ஒரு மர ஸ்டூலை வண்டியிலேயே எடுத்துப் போவான். அதைப் பற்றி யார் கேலி செய்தாலும் அவனுக்குக் கோபம் வராது, பெருமைதான் வரும். அந்தப் பெருமைக்குக் காரணம் அவர்கள் வீட்டுப் படகு.

அது பழைய படகு. இப்போது வருகிற படகுகளில் ஒரு பொத்தானைத் தட்டினால் வேண்டிய பக்கம் அலை எழும்பிவிடும். இவர்கள் படகில் அந்தச் சொகுசெல்லாம் கிடையாது. இடது பக்கம் தண்ணீர்ப் பைகளை நிரப்பி, பின்மூலையில் கனத்த ஆளாகப் பார்த்து உட்கார வைத்து, படகை அந்தப் பக்கமாகச் சாய்த்து ஓட்டினால்தான் பின்னால் ஓர் அலை எழுந்து கூடவே வரும். அந்த அலைமேல் பலகை போட்டு நின்று ஓட்ட வேண்டும். கயிற்றைப் பிடித்துக்கொண்டு தண்ணீரிலிருந்து எழுவது தொடக்கத்துக்கு மட்டும்தான். அலை தள்ள ஆரம்பித்ததும் கயிற்றைப் படகுக்குள் வீசிவிட வேண்டும். அதற்குப் பிறகு உங்களைக் கொண்டுபோவது அலை ஒன்றுதான்.

அந்த மூலை ஓரினுக்குப் பட்டா எழுதிக் கொடுத்த இடம். மூட்டு கெட்டுப்போன பிறகு அவனால் பலகையில் ஏற முடியவில்லை. "நான் அலை போடறேன், நீங்க ஓட்டுங்க" என்பான், ஏதோ சோறு போடுகிறவன் மாதிரி. தங்கை லவான் படகை ஓட்டுவாள். மனைவி மாரிட் அலையில் நிற்பாள்.

ஒரே ஒரு தொல்லை இருந்தது. ஐஸ் பெட்டி வலது பக்கம். யாராவது அலையில் பலகையை நன்றாக ஓட்டினால் ஓரினுக்கு உற்சாகம் தாங்காது. ஓட்டுகிறவருக்கு ஒரு பியர் டப்பாவை வீசியே ஆக வேண்டும், அது அந்த ஏரிப் பக்கத்துப் பழக்கம். அலையில் நின்றபடியே பிடித்து, உடைத்து ஒரு மடக்குக் குடிக்க வேண்டும். டப்பாவை எடுக்க ஓரின் எழுந்து வலது பக்கம் போவான். அவன் அடி எடுத்து வைத்ததும் படகு நிமிரும், அலை பொசுக்கென்று அமுங்கும், ஓட்டிக்கொண்டிருந்தவர் தலைகுப்புறத் தண்ணீரில் கிடப்பார்.

"உக்காருடா தடியா!" என்று லவான் கத்துவாள். தண்ணீருக்குள்ளிருந்து தலையை நீட்டி மாரிட்டும் அதையேதான் கத்துவாள். ஓரின் கையில் டப்பாவோடு அசடு வழிய நிற்பான். "மறந்துட்டேன்" என்பான். ஒவ்வொரு கோடையிலும் இதே கூத்து.

மாரிட் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். ஐம்பதை நெருங்கும் வயதில் இந்த விளையாட்டைக் கையில் எடுத்தாள். முதல் பலகை கிட்டத்தட்ட அவள் உயரம். தடிமனாக, அகலமாக, யார் ஏறினாலும் பொறுத்துக்கொள்கிற சாது. லவான் அதற்குக் "கதவு" என்று பெயர் வைத்தாள். அடுத்தது நெஞ்சளவு, கொஞ்சம் ஒல்லி. அதற்கு "இஸ்திரிப் பலகை". கை தேறத் தேற பலகை சிறுத்துக்கொண்டே போகும், அதுதான் இதில் கணக்கு. சின்னப் பலகை சொன்னபடி திரும்பும், துள்ளும். ஆனால் பெரிய பலகையைப் போலத் தானாக மிதந்து உங்களைக் காப்பாற்றாது. அலை கொஞ்சம் சோர்ந்தாலும் உங்களைப் பின்னால் விட்டுவிட்டுப் போய்விடும்.

அவர்கள் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது, ஓரின் போட்டது. புதுப் பலகையில் கயிற்றை வீசிவிட்டு, வில்லோ மரங்கள் இருக்கிற வளைவிலிருந்து பிள்ளைகளுக்குச் சர்ச் நடத்துகிற கோடை முகாமின் படகுத்துறை வரை விழாமல் போய்விட்டால், பழைய பலகையை அன்றைக்கே யாருக்காவது கொடுத்துவிட வேண்டும். "வீட்டுல இருந்தா கால் அதுமேலதான் போய் நிக்கும். திரும்பிப் போக வழியே இருக்கக் கூடாது." கதவு பக்கத்து வீட்டு வெர்லினுக்குப் போனது. அது தானம் இல்லை, குறும்பு. வெர்லின் வாத்து வேட்டைக்காரர், மனைவியை இழந்தவர். படகு அலைகள் தன் கரையைத் தின்கின்றன என்று ஏரிச் சங்கத்தில் வருடா வருடம் எழுந்து நின்று பேசுகிறவர். "உங்கள் அலை, என் கரை" என்று ஓர் எச்சரிக்கைப் பலகையே எழுதித் தன் துறையில் அடித்து வைத்திருந்தார். அவர் வேலியில் ஓரின் கதவைச் சாய்த்துவிட்டு வந்தான். மறுநாள் வெர்லின் அதை இரண்டு மரக்கால்கள் மேல் போட்டு, அதன்மேல் மீன் அறுத்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது பலகை போன கிறிஸ்துமஸுக்கு வந்தது. ஓரின் சொல்லிச் செய்ய வைத்தது. மாரிட்டின் இடுப்புக்குத்தான் வரும். அவள் எடையையும் தன் படகின் அலையையும் அளந்து சொல்லியிருந்தான். "இதுல முகாம் வரைக்கும் போயிட்டேன்னு வை, அதுக்கப்புறம் உனக்குச் சின்னதா பலகையே கிடையாது" என்றான். லவான் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுல காப்பி வெச்சுக் குடுக்கலாம்" என்றாள். அதனால் அது "தட்டு".

மார்ச் மாதம், ஏரியில் பனிக்கட்டி இன்னும் உடையாத நேரத்தில், ஓரினுக்குக் கணையத்தில் புற்று என்று சொன்னார்கள்.

ஒரு சுற்று மருந்து ஏற்றினார்கள். அதற்கே ஆள் சுருண்டுவிட்டான். "கோடையை வாந்தி எடுத்தே கழிக்க மாட்டேன்" என்று நிறுத்திவிட்டான். மாரிட் கெஞ்சினாள், சண்டை போட்டாள், பேசாமல் இருந்து பார்த்தாள். கடைசியில் டாக்டர் ஒரு வழி சொன்னார். இலையுதிர் காலத்தில் வேறொரு மருந்து தொடங்கலாம், இவ்வளவு கடுமையானது இல்லை. ஆனால் அதைத் தாங்க உடம்பு வேண்டும். எடை குறையாமல் நின்றால் பார்க்கலாம்.

"எடைதானே? அது என்கிட்ட தாராளமா இருக்கு" என்றான் ஓரின்.

மாரிட் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டாள். எடை நின்றால் மருந்து, மருந்து இருந்தால் ஓரின். ஊரே சமைத்துக் கொண்டுவந்தது. உருளைக்கிழங்கு அடுக்கிய ஹாட்டிஷ் பாத்திரங்கள் குளிர்பெட்டிக்குள் இடமில்லாமல் வராந்தாவில் நின்றன. இந்த ஊர்க்காரர்களுக்கு வாய்விட்டு அழ வராது, அடுப்பைப் பற்றவைக்கத்தான் வரும். ஓரின் இரண்டு கரண்டி சாப்பிட்டுவிட்டு, மீதியைத் தட்டில் பரப்பிக் குறைந்த மாதிரி காட்டுவான்.

ஜூனில் படகு இறங்கியது. மாரிட் தட்டில் நின்றாள். கயிற்றை வீசினாள். பத்து எண்ணுவதற்குள் அலை அவளைக் கைவிட்டது. மறுபடி நின்றாள், மறுபடி போனாள். போன வருடம் இஸ்திரிப் பலகையில் நின்றபோது முதுகில் கை வைத்துத் தள்ளிய அதே அலை இப்போது ஏனோதானோ என்று வந்தது. பலகை புதிது, பழகவில்லை என்று லவான் சொன்னாள். மாரிட்டுக்குத் தெரியும். தண்ணீரில் மிதந்தபடி அவள் படகின் இடது மூலையைப் பார்த்தாள். ஓரின் தன் பழைய பெரிய ஸ்வெட்டருக்குள் உட்கார்ந்திருந்தான். ஸ்வெட்டர்தான் பெரிதாக இருந்தது.

அன்றிலிருந்து ஒவ்வொரு முறை விழும்போதும் அங்கேதான் பார்த்தாள்.

ஜூலையில் அலை திரும்பி வந்தது.

முதலில் அவள் நம்பவில்லை. தட்டு கொஞ்ச தூரம் கூடுதலாகப் போனது. அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம். அலை பழையபடி தோள் உயர்த்தி, பச்சையாக, வழவழவென்று வந்து உள்ளங்காலை அழுத்தியது. எடை நிற்கிறது! வீட்டில் இருக்கிற தராசை அவள் ஏற்கெனவே அலமாரிக்கு அடியில் தள்ளியிருந்தாள். அது இனி எதற்கு? கண்ணால் பார்த்தால் கன்னம் ஒட்டியிருந்தது, கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது, கல்யாண மோதிரத்தில் நூல் சுற்ற வேண்டியிருந்தது. எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் கால் வேறு சொன்னது, அவள் காலை நம்பினாள். வேறு எந்த ஊர்ப் பெண்ணும் புருஷனின் எடையை இப்படி அளந்திருக்க மாட்டாள்.

"அலையைப் பாத்தியா?" என்பான் ஓரின், மூச்சு வாங்கிக்கொண்டே. "உன் ஹாட்டிஷ் வேலை செய்யுது."

ஜூலை கடைசி ஞாயிறு, அவள் தட்டில் முகாம் துறை வரை போனாள். வளைவு, வெர்லினின் எச்சரிக்கைப் பலகை, நாணல் புதர், கொடிக்கம்பம், துறை! லவான் ஹாரனை அழுத்திய அழுத்தில் முகாம் பிள்ளைகள் ஓடிவந்து கைதட்டினார்கள். ஓரின் மட்டும் எழவே இல்லை. டப்பா எடுக்கப் போகவில்லை. இருந்த இடத்திலிருந்தே இரண்டு கையையும் தூக்கினான். முதல் தடவையாகப் புத்தி வந்திருக்கிறது என்று மாரிட் சிரித்தாள். இஸ்திரிப் பலகையை அன்றைக்கே முகாமுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

ஆகஸ்டில் ஆஸ்பத்திரிக்குப் போனபோது நர்ஸ் ஓரினைத் தராசில் ஏற்றி ஓர் எண்ணைச் சொன்னாள்.

"இருக்காது" என்றாள் மாரிட்.

"இதான்மா காட்டுது."

"உங்க தராசுல கோளாறு. அவர் குறையவே இல்ல. எனக்குத் தெரியும்."

"வேணும்னா இன்னொரு தடவை ஏத்திப் பாக்கலாம்..."

"ஏத்த வேண்டாம்! முதல்ல மெஷினை ரிப்பேர் பண்ணுங்க. இதை நம்பி ஒருத்தருக்கு மருந்து இல்லன்னு சொல்லுவீங்க, இல்ல?"

குரல் உயர்ந்துவிட்டது. வரிசையில் இருந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். ஓரின் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். திரும்பி வரும் வழியெல்லாம் அவள்தான் பேசினாள். அவன் அவள் முழங்கால்மேல் கை வைத்துக்கொண்டு வந்தான்.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தைய வாரம் அது. மாரிட் விடியற்காலையில் காப்பிக் கோப்பையோடு வெளியே வந்தாள். ஏரிமேல் ஆவி பறந்துகொண்டிருந்தது. அவர்கள் படகுக்குள் யாரோ குனிந்து நின்றுகொண்டிருந்தார்கள். தொப்பியைப் பார்த்ததும் தெரிந்தது, வெர்லின். அவளுக்குச் சுரீரென்று ஏறியது. ஒரு மனுஷன் நோயில் கிடக்கிறான், இந்தக் கிழவருக்குக் கரை ஒன்றுதான் பெரிதா? படகில் ஓட்டை போட வந்திருக்கிறாரா? சுவரில் சாய்த்திருந்த துடுப்பைத் தூக்கிக்கொண்டு துறையில் ஓடினாள்.

"என் படகுல உங்களுக்கு என்ன வேலை?"

வெர்லின் நிமிர்ந்தார். கையில் ஒரு சின்ன கித்தான் மூட்டை. குழந்தையைத் தூக்குவது மாதிரி இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"மெதுவாப் பேசு மாரிட். அவன் எந்திரிச்சிடப் போறான்."

"என்ன அது?"

அவர் குனிந்து இடது மூலை இருக்கையின் மெத்தையைத் தூக்கினார். உள்ளே அதேபோன்ற மூட்டைகள், ரொட்டிகளை அடுக்கினாற்போல வரிசையாக, மேலே மேலே. தோட்டாவுக்குள் அடைக்கிற ஈய ரவை. வேட்டைக்காரர்கள் வீட்டு நிலவறையில் வைத்திருப்பது. ஒரு மூட்டையைத் தூக்கினால் தோள் இறங்கும். மாரிட் துடுப்பைக் கீழே வைத்தாள். எண்ண ஆரம்பித்தாள், பாதியில் நிறுத்திவிட்டாள்.

"ஜூன் கடைசில வந்து கேட்டான்" என்றார் வெர்லின். "உங்கிட்ட ஈயம் இருக்குல்லன்னான். உன் படகை முழுகடிக்கன்னா சும்மாவே தரேன்டான்னேன். சிரிக்கல. நான் இளைக்க இளைக்க அவ விழறா வெர்லின், விழுந்தா பலகையைப் பாக்க மாட்டேங்கறா, என்னைப் பாக்கறான்னான்."

மாரிட் துறையின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்புறம் என்ன. வாரத்துக்கு ஒரு மூட்டை. சில வாரம் ரெண்டு." அவர் கையிலிருந்ததைப் பார்த்தார். "நேத்து ராத்திரி போன் பண்ணி மூணு போடச் சொன்னான்."

"ஆஸ்பத்திரில அந்த நர்ஸ் பொண்ணுகிட்ட கத்திட்டேன் வெர்லின். தராசு பொய் சொல்லுதுன்னு கத்திட்டேன்."

"தெரியும். சொன்னான்."

"சிரிச்சானா?"

"இல்ல. அதைச் சொல்லும்போது அழுதான்."

அப்போது மாரிட் அழுதாள். மார்ச்சிலிருந்து அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து வந்தது. வாயில் கையை வைத்து அடைத்துக்கொண்டு, மேலே ஜன்னலுக்குக் கேட்காமல் அழுதாள். அவளுடைய கோடையெல்லாம் அந்த மெத்தைக்கு அடியில் மூட்டை மூட்டையாகக் கிடந்தது. இலையுதிர் காலமும் கிடையாது, மருந்தும் கிடையாது. அவனுக்கு அது முதலிலிருந்தே தெரியும், அவளைத் தவிர எல்லோருக்கும் தெரியும். அவளிடமிருந்து மறைக்கத்தான் சாகப்போகிற மனுஷன் வாராவாரம் ஈயம் கேட்டுப் போயிருக்கிறான். கோபம் வந்தது, அவன்மேல் கொஞ்சம், தன்மேல் நிறைய. கோபம் போன பிறகு அவன் வேண்டும் என்பது மட்டும்தான் மிச்சம் இருந்தது. வெர்லின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

வெகுநேரம் கழித்து அவள் மூக்கைத் துடைத்தாள். "வர்ற திங்கக்கிழமை, தொழிலாளர் தினத்தன்னிக்குக் காலைல இதெல்லாத்தையும் எடுத்துடுங்க."

"எல்லாத்தையுமா?"

"ஒண்ணு விடாம. அப்புறம் உங்க மீன் மேசை எனக்கு வேணும்."

வெர்லின் அவளைப் பார்த்தார். "அதுல கத்தி படாத இடமே இல்லயே."

"மிதக்கும்ல?"

"மிதக்கும்" என்றார்.

செப்டம்பர் முதல் திங்களன்று வருகிற தொழிலாளர் தினம்தான் இந்த ஏரிகளில் கோடையின் கடைசி நாள். அது முடிந்தால் படகுகள் கரையேறிவிடும், துறைகளைக் கழற்றிப் புல்மேல் போட்டுவிடுவார்கள். அன்று வெயில் இருந்தது, ஆனால் சூடு இல்லை. ஓரினால் துறை வரை நடக்க முடியவில்லை. வெர்லின் அவனைக் கையில் ஏந்திக்கொண்டு வந்தார். முன்பு அவன் பனியில் வழுக்கி விழுந்தபோது மூன்று பேர் சேர்ந்து தூக்க முடியாமல் டிராக்டர் கொண்டுவந்திருக்கிறார்கள். இப்போது எழுபது தாண்டிய ஒரு கிழவர் மூச்சு வாங்காமல் தூக்கி வந்து மூலையில் உட்கார வைத்தார்.

மெத்தையில் உட்கார்ந்ததுமே ஓரினுக்குப் புரிந்துவிட்டது. அடியில் கெட்டியாக இருந்தது காலியாகியிருந்தது. தலையைத் தூக்கினான். மாரிட் துறையில் நின்றாள், பக்கத்தில் அவள் உயரத்துக்குக் கதவு. எவ்வளவு தேய்த்துக் கழுவியும் செதில் ஒன்றிரண்டு மினுங்கிக்கொண்டிருந்தது.

"இது எதுக்கு வந்துச்சு? நம்ம வீட்டுச் சட்டம் என்னாச்சு?"

"சட்டத்தை முதல்ல மீறினது நீ. அலைல கலப்படம் பண்ணின."

அவன் வெர்லின் பக்கம் திரும்பினான். "சொல்லிட்டியாடா கிழவா?"

"துடுப்பால அடிக்க வந்தாடா. ஈயத்துக்காக உயிரைக் குடுக்கச் சொல்றியா?"

லவான் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. ஸ்டியரிங் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"மாரிட்" என்றான் ஓரின். குரல் மெலிந்திருந்தது. "அது இல்லாம அலை வராது. நான் உக்காந்தா இப்ப ஒண்ணும் ஆகாது. நீ தட்டுல நின்ன ஆளு. எதுக்கு இதுக்குத் திரும்பி வர்ற?"

அவள் படகுக்குள் இறங்கி அவன் முன்னால் மண்டியிட்டாள். போர்வைக்குள் கைவிட்டு அவன் கைகளைத் தேடி எடுத்தாள். "ஈயம் போட்ட அலை எனக்கு வேண்டாம். உன் அலை எவ்வளவு வருதோ அவ்வளவு போதும். சின்ன அலைக்குப் பெரிய பலகை. நீதானே சொல்லிக் குடுத்த."

"எனக்கு பயமா இருந்துச்சுடி" என்றான். கண்ணீர் கன்னத்தின் பள்ளத்தில் தேங்கி இறங்கியது. "நீ ஒவ்வொரு தடவையும் விழுந்துட்டுப் பாக்கற பார்வை. அதை என்னால தாங்க முடியல."

"இனிமே அப்படிப் பாக்க மாட்டேன். மருந்தைப் பத்தியும் பேச மாட்டேன். சரியா? இன்னிக்கு நீ அலை போடு, நான் ஓட்டறேன்."

அவன் தலையாட்டினான். பிறகு மூக்கைச் சுளித்தான். "ஆனா மீன் நாத்தம் அடிக்குது."

"உன்னை விடப் பரவாயில்ல" என்றாள் லவான், திரும்பாமலே.

வில்லோ வளைவில் மாரிட் தண்ணீரில் இறங்கினாள். ஏரி அதற்குள் குளிர்ந்திருந்தது. படகு இழுத்தது, கதவு அவளை எந்த வம்பும் இல்லாமல் தூக்கி நிறுத்தியது. அலை முழங்காலுக்குக் கீழே இருந்தது. மெலிந்த அலை, அங்கங்கே நுரைத்து, தடுமாறித் தடுமாறி வந்தது. அவள் பின்னங்காலைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னே கொண்டுவந்து அது தள்ளும் இடத்தைத் தேடினாள். கிடைத்தது. லேசான தள்ளல், தூங்குகிறவன் புரளும்போது படுகிற கை அளவுக்கு. அவள் கயிற்றை வீசினாள். அது ஓரின் மடியில் விழுந்தது. அவன் அதை மெதுவாகச் சுருட்ட ஆரம்பித்தான்.

வெர்லினின் துறை போனது. அதற்குள் வீடு திரும்பியிருந்த அவர் தன் எச்சரிக்கைப் பலகைக்குப் பக்கத்தில் நின்று தொப்பியைத் தூக்கி ஆட்டினார். நாணல் புதர் போனது. மாரிட்டும் ஓரினும் பார்த்துக்கொண்டே போனார்கள், நடுவில் நாலு முழத் தண்ணீர்தான். அவன் முகத்தில் பழைய உற்சாகம் ஏறிக்கொண்டே வந்தது. கொடிக்கம்பம் நெருங்கியது. முகாம் துறை கண்ணுக்குத் தெரிந்தது. இந்த அலையில், இந்தப் பலகையில், அவள் சேர்ந்துவிடுவாள். அவனுடைய அலையில் துறை சேர்ந்துவிட வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

அப்போது ஓரின் எழுந்தான்.

எங்கிருந்து பலம் வந்ததோ, போர்வை நழுவ, இருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். அவள் நன்றாக ஓட்டினாள், அவளுக்கு ஒரு டப்பா வீச வேண்டும், அவ்வளவுதான் அவன் நினைப்பு. ஒரு கையால் கம்பியைப் பிடித்து, காலை இழுத்து இழுத்து, இடமிருந்து வலமாகப் படகைக் கடந்தான். லவான் கண்ணாடியில் பார்த்துக் கத்த வாயைத் திறந்தாள். மாரிட் முழங்காலை வளைத்து விழத் தயாரானாள், பல வருடத்துப் பழக்கம்.

அலை அப்படியே இருந்தது.

அவன் வலது பக்கம் போய் நின்றான். படகு இம்மி நிமிரவில்லை. அலை ஒரு விரல்கூட இறங்கவில்லை. அதே தள்ளல், அதே தடுமாற்றம். அவன் அங்கே உட்கார்ந்திருந்தபோதும் அது அவன் போட்ட அலை இல்லை, தண்ணீர்ப் பைகள் போட்டது. அவன் இருந்ததும் எழுந்ததும் ஏரிக்குத் தெரியவே இல்லை. லவானின் வாய் திறந்தபடியே நின்றது. ஓரின் ஐஸ் பெட்டிக்குள் கைவிட்டுக் குனிந்திருந்தான். இன்னும் நிமிரவில்லை. நிமிர்ந்தால் பார்ப்பான், அவள் நின்றுகொண்டிருப்பதைப் பார்ப்பான்.

துறை இன்னும் பத்தடி இருந்தது.

மாரிட் பின்னங்காலை ஓங்கி அழுத்தினாள். கதவு பின்பக்கமாகக் குத்திட்டு நின்றது. அவள் முதுகடிக்கத் தண்ணீரில் விழுந்தாள், முடிந்தவரை பெரிதாக, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு.

தலை வெளியே வந்ததும் தொண்டை கிழியக் கத்தினாள். "உக்காருடா தடியா! அலையைக் கொன்னுட்டியேடா!"

படகு வேகம் குறைந்து வட்டமடித்தது. ஓரின் கையில் டப்பாவோடு நிமிர்ந்து நின்றான். தண்ணீரில் கிடக்கிற மனைவியைப் பார்த்தான். தான் நிற்கிற இடத்தைப் பார்த்தான். அவன் முகம் மெதுவாக விரிந்தது, காதுவரை விரிந்தது. மார்ச்சுக்குப் பிறகு அந்தச் சிரிப்பை யாரும் பார்த்திருக்கவில்லை.

"மறந்துட்டேன்!" என்று கத்தினான்.

"எத்தனை வருஷமாடா சொல்றது!"

"பாத்தியா லவான்?" அவன் தங்கையின் தோளைப் பிடித்து உலுக்கினான். அந்த உலுக்கலில் அவனேதான் ஆடினான். "ஒரு மூட்டை ஈயம் இல்ல. வெறும் நான்தான். இப்பவும் நான் எந்திரிச்சா அலை போயிடுது, பாத்தியா?"

லவான் பொய் பேசத் தெரியாதவள். ஏரிச் சங்கத்தில் அதற்காகவே அவளை யாரும் எதற்கும் சாட்சிக்குக் கூப்பிட மாட்டார்கள். கறுப்புக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

"பாத்தேன்" என்றாள். "அப்படியே உக்காந்துடுச்சு."

மாரிட் கதவைக் கட்டிக்கொண்டு மிதந்தாள். படகு கிட்டே வரும்வரை முகத்தை அந்த மீன் வாடையிலேயே புதைத்து வைத்திருந்தாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, அவன் வீசப்போகிற டப்பாவைப் பிடிக்கக் கையை நீட்டினாள்.